சம்பளத்துக்கு அடுத்த சனிக்கிழமை

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவில் மலையைச் சுற்றும் கூட்டத்தை யாரும் அழைப்பிதழ் அடித்துக் கூட்டுவதில்லை. தினக்காலண்டரில் பௌர்ணமி என்று போட்டிருக்கிறது. மக்களுக்கு அது போதும். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்பிவிடுகிறது. சிறப்புப் பேருந்துகள் ஓடுகின்றன, பாதை நெடுகக் கடைகள் முளைக்கின்றன, விடிந்ததும் எல்லாம் கலைந்துவிடுகிறது. அடுத்த மாதம் மறுபடியும் அதே கூட்டம். மாதத்தில் ஓர் இரவையும் ஓர் இடத்தையும் ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்துப் போய்வரும் பழக்கம் வடாற்காட்டு மக்களுக்குப் புதியது இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. பக்தியைப் பற்றிப் பேசுவது இந்தக் கட்டுரையின் வேலை அன்று. நாளும் இடமும் மாறாமல் இருந்தால் கூட்டம் தானே பழகிக்கொள்ளும் என்ற ஒரு செய்தியை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன். அதே வட்டாரத்தின் தோல் தொழில் ஊர்களில், குறிப்பாக நாட்றம்பள்ளி போன்ற ஒரு பேரூராட்சியில், உள்ளூர் ஓவியர்கள் மாதம் ஒரு மாலை தங்கள் படைப்புகளை ஊர் நடுவில் வைத்துக் காட்ட வேண்டும் என்று வாதிடப் போகிறேன். நம் ஊர்களில் ஓவியத்துக்கு ஆதரவு இல்லை என்று பேச்சு வரும்போதெல்லாம் கட்டடம் கேட்கிறோம், அகாதெமி கேட்கிறோம், ஆண்டுவிழா கேட்கிறோம். சிறு நகரத்து ஓவியருக்கு முதலில் வேண்டியது தேதி. போன மாதம் பார்த்த படத்தை இந்த மாதம் பார்க்கும் படத்தோடு மனதில் வைத்து ஒப்பிடும் பார்வையாளரை ஒரு மாறாத தேதியால் மட்டுமே உருவாக்க முடியும்.

இந்த ஏற்பாடு வெளிநாடுகளில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பயனியர் ஸ்கொயர் பகுதிக் கலைக்கூடங்கள் 1981இல் ஒன்றுகூடி, மாதத்தின் முதல் வியாழக்கிழமை மாலை எல்லோரும் ஒரே நேரத்தில் புதிய படங்களை வைப்பது என்று முடிவெடுத்தன. பிலடெல்பியாவின் ஓல்ட் சிட்டி பகுதியில் 1991இல் முதல் வெள்ளிக்கிழமை வழக்கம் தொடங்கியது. பிறகு அந்த நாட்டின் நடுத்தர நகரங்கள் பலவற்றுக்கும் அது பரவிற்று. இந்தியாவில் மும்பை கொலாபா, காலா கோடா பகுதிக் கலைக்கூடங்கள் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை வழக்கமான நேரத்தைத் தாண்டி இரவுவரை திறந்திருக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தன. எல்லா இடத்திலும் சூத்திரம் ஒன்றுதான்: நுழைவுக் கட்டணம் கிடையாது, கலைஞர் தன் படத்தின் பக்கத்தில் நிற்பார், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர் உள்ளே எட்டிப் பார்க்கும் நேரமாக இருக்கும். முதல் முறை எட்டிப் பார்த்தவருக்குக் கூச்சம் இருக்கும். மூன்றாம் முறை அந்தக் கூச்சம் போய்விடுகிறது. ஏழாம் முறை அவருக்கு ஓர் அபிப்பிராயம் வந்துவிடுகிறது. அந்த அபிப்பிராயத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய முன்மாதிரிகள் ஆண்டுக்கு ஒரு முறை நடப்பவை. நாட்றம்பள்ளியிலிருந்து அதே தேசிய நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் பெங்களூருவில், கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003 முதல் குமாரகிருபா சாலையில் சித்ர சந்தெயை நடத்துகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாகனங்களை நிறுத்திவிட்டு, நடைபாதையிலும் சாலையிலும் நூற்றுக்கணக்கான ஓவியர்கள் படங்களை வைத்துவிடுவார்கள். தமிழ்நாட்டு ஓவியர்களும் மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள். சில நூறு ரூபாய்க்கும் படம் கிடைக்கும், லட்சத்துக்கும் கிடைக்கும். கொழும்பில் ஜார்ஜ் கீட் அறக்கட்டளை 1993இல் தொடங்கிய கலா பொல இதற்கும் மூத்தது. கிரீன் பாத் மரநிழலில் இலங்கையின் மூலைமுடுக்குகளிலிருந்து வரும் ஓவியரும் சிற்பியரும் தங்கள் பொருளைத் தாங்களே விற்கிறார்கள். ஓவியத்தைப் பளிங்குத் தரையிலிருந்து சாலைக்கு இறக்கினால் மக்கள் வருவார்கள் என்பதை இரண்டும் ஐயமறக் காட்டிவிட்டன. இருந்தாலும் அவற்றால் செய்ய முடியாத ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒரு நாள் லட்சம் பேர் வந்து போகும் சாலையில் நிற்கும் ஓவியரிடம் படம் வாங்கியவர் மறுபடி அவரைப் பார்க்கும்போது ஒரு வருடம் கழிந்திருக்கும். இடையில் அவர் என்ன வரைந்தார், எதை விட்டார், எங்கே தடுமாறினார் என்பது யாருக்கும் தெரியாது. விற்பனை நடக்கிறது, உரையாடல் தொடர்வதில்லை. ஏலகிரியில் அரசு நடத்தும் கோடை விழாவுக்கும் இதே வரம்பு உண்டு. வந்தவர்கள் மலையிறங்கியதும் அது முடிந்துவிடுகிறது.

இந்த வட்டாரத்தில் காட்ட என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி என்று நீளும் இந்தப் பட்டையைப் பற்றி வெளியே போகும் செய்தி தோல், ஷூ, பிரியாணி, பாலாறு என்பதோடு நின்றுவிடுகிறது. ஓவியர்கள் இங்கே வேறு பெயர்களில் இருக்கிறார்கள். கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதிய ஆர்ட்டிஸ்டுகள் ஒரு தலைமுறைக்கு முன்புவரை ஊருக்கு ஊர் இருந்தார்கள். எழுத்தின் நிழலை எந்தப் பக்கம் விழவைப்பது, தலைவர் முகத்தைப் பத்தடிச் சுவரில் கட்டம் போட்டு எப்படி ஏற்றுவது என்றெல்லாம் கற்றிருந்த அந்தக் கைகளை, இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஃபிளெக்ஸ் அச்சு சில ஆண்டுகளில் வேலையற்றவையாக ஆக்கியது. சிலர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போனார்கள், சிலர் ஃபிளெக்ஸ் கடையிலேயே கணினி முன் உட்கார்ந்தார்கள். அடுத்தவர்கள் ஓவிய ஆசிரியர்கள். 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காகப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் அமர்த்தியபோது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் படித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கும் அந்த வேலைதான் கண்ணுக்குத் தெரிந்த கரை. இவர்களைத் தவிர, ஷூ கம்பெனிகளில் வடிவம் வரைகிறவர்களும் அட்டையில் அளவு வெட்டுகிறவர்களும் தினமும் கோட்டோடு வேலை செய்கிறார்கள். யாரும் அவர்களை ஓவியர் என்று அழைப்பதில்லை.

காட்சிக் கலையில் இந்த மண் வறண்டது என்பதும் தவறு. திருப்பத்தூர் மாவட்டத்து மலையாம்பட்டுக்கு அருகில் இருக்கும் ஆர்மாமலைக் குகையில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண ஓவியங்களின் எச்சங்கள் இருக்கின்றன. சுண்ணப்பூச்சின் மேல் தீட்டிய திசைக்காவலர் உருவங்களும் தாமரையும் கொடியும் சித்தன்னவாசலுக்கு உறவானவை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலின் பதினாறாம் நூற்றாண்டுக் கல்யாண மண்டபத் தூண்கள், நாயக்கர் காலச் சிற்பிகள் கல்லை எந்த எல்லைவரை கொண்டுபோனார்கள் என்பதற்கு அளவுகோலாக நிற்கின்றன. ஆனால் என்னை அதிகம் நிறுத்தி வைப்பது இவற்றைவிட எளிய ஒன்று. திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் படித்துக் கூத்து நடக்கும் ஊர்களில், கடைசி நாள் படுகளத்துக்காகத் துரியோதனனின் மண்ணுருவம் தரையில் படுத்த வாக்கில் செய்யப்படுகிறது. பல ஆள் நீளம் இருக்கும் அந்த உருவத்துக்கு வண்டி வண்டியாக மண் கொட்டிக் குழைத்து, மார்பையும் தொடையையும் திரட்டி, மீசை, கண், கிரீடம், ஆபரணம் எல்லாவற்றுக்கும் வண்ணம் பூசுகிறார்கள். காலையில் பீமன் வேடம் கட்டியவர் அதன் தொடையைப் பிளக்கிறார், திரௌபதி கூந்தல் முடிக்கிறாள், ஊரே சுற்றி நின்று பார்க்கிறது. ஆல்ஃப் ஹில்டபீட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரும் ஆய்வுகள் இந்தப் படுகளத்தின் பொருளை விரிவாகப் பேசுகின்றன. நம் விவாதத்துக்கு அதில் முக்கியமானது இதுதான்: இவ்வளவு பெரிய சிற்பத்தை வரி வசூலித்துச் செய்யவைத்து, ஒரு காலைப்பொழுதுக்காக அழியக் கொடுத்துப் பார்க்கத் தெரிந்த மக்கள் இவர்கள். உருவத்தைப் பார்க்க இவர்களுக்குக் கண் இல்லை என்று எந்த நகரத்து விமர்சகரும் சொல்ல முடியாது.

அந்த மண்ணுருவத்தைச் செய்தவரின் பெயரை யாரும் கேட்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சடங்கு கலைஞனுக்கு வேலை கொடுத்தது, கூலி கொடுத்தது, பெரும் திரளையும் கொடுத்தது. தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. துரியோதனன் எப்படி இருக்க வேண்டும் என்பது முன்பே முடிவானது. இந்த ஆண்டுத் துரியோதனனின் முகத்தில் கர்வத்துக்குப் பதில் களைப்பு தெரிகிறதே என்று ஒருவர் பேசத் தொடங்க அங்கே நேரமும் இல்லை, இடமும் இல்லை. பார்வையாளர் வருடத்துக்கொரு முறை பார்க்கிறார், வணங்குகிறார், போகிறார். இதைச் சடங்கின் குறையாகச் சொல்லவில்லை. அதன் வேலை வேறு. தனக்குத் தோன்றியதை வரைந்துவிட்டு, இது எப்படி இருக்கிறது என்று ஊரைக் கேட்க விரும்பும் ஒருவருக்குச் சடங்கு வாசல் திறக்காது. சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமிக் கூடத்தில் அவர் படம் வைக்கலாம். அப்போது பார்ப்பவர்கள் சென்னைக்காரர்கள். பாலாற்று மணலையும் தோல் காயும் வெளியையும் வரைந்தால், அவற்றை நேரில் அறியாதவர்களிடம் போய்க் காட்ட வேண்டிய நிலையில் இந்த வட்டாரத்து ஓவியர் இருக்கிறார்.

தமிழ்நாட்டில் ஓவியம் பெரும் மக்கள்திரளைச் சென்றடைந்த சந்தர்ப்பங்களை எண்ணிப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் தவணை ஒன்று ஒளிந்திருப்பது தெரியும். சில்பியின் கோயிற் சிற்பக் கோட்டோவியங்களை ஆனந்த விகடன் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தலைப்பில் தொடர்ந்து வெளியிட்டது. சிற்பக்கலை பற்றி ஒரு புத்தகமும் படிக்காத குடும்பங்கள் இதழ்தோறும் அதைக் கத்தரித்துச் சேர்த்து வைத்தன. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது ஆதிமூலத்தின் கோடுகள் அதோடு சேர்ந்து வந்தன. நவீன ஓவியம் புரியாது என்று சொன்ன வாசகர்கள், எந்த விளக்கமும் இல்லாமல் அந்தக் கோட்டுக்குப் பழகிப்போனார்கள். இன்னும் அழுத்தமான எடுத்துக்காட்டு கோவில்பட்டி. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரை எழுதிக்கொண்டு அந்த ஊருக்கு வந்து தங்கிவிட்ட சி. கொண்டையராஜூவும் அவருடைய மாணவர்களும் வரைந்த சாமி படங்கள், சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தென்னாட்டு வீடுகளின் சுவரில் ஏறின. கல்கத்தா, பம்பாய், சென்னை எதையும் நம்பாமல், ஒரு சிறு நகரத்தில் உட்கார்ந்தபடி ஓர் ஓவியக்குழு லட்சக்கணக்கான கண்களைப் பழக்கியது. ஆண்டுதோறும் புதிய காலண்டர் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு வேலை கொடுத்தது, போட்டி கொடுத்தது, ஒருவர் பாணியை மற்றவரிடமிருந்து பிரித்துச் சொல்லும் பார்வையாளரையும் கொடுத்தது. கலை வரலாற்று நூல்கள் நீண்ட காலம் அதைக் கலை என்றே சேர்க்கவில்லை என்பது நூல்களின் குறை.

எதிர்த்திசையில் சோழமண்டலத்தையும் பார்க்க வேண்டும். கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்த இளைஞர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலம் வாங்கி, 1966இல் அமைத்த கலைஞர் கிராமம் அது. தமிழ்நாட்டு நவீன ஓவியத்தில் நிகழ்ந்த மிக நேர்மையான முயற்சிகளில் ஒன்று என்று அதைத் தயங்காமல் சொல்வேன். ஜே. சுல்தான் அலி, கே. ராமானுஜம், எம். சேனாதிபதி போன்றவர்கள் அங்கே வாழ்ந்து வரைந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்குக் கைவினை, மனதுக்கு ஓவியம் என்று பிரித்து வாழ்ந்து, அரசையும் வள்ளல்களையும் சார்ந்திராத ஒரு பொருளாதாரத்தை அவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்தக் கிராமம் ஓவியரை ஒன்றுசேர்த்த அளவுக்குப் பார்வையாளரை ஒன்றுசேர்க்கவில்லை. பார்க்க விரும்புகிறவர் நகரத்தை விட்டுக் கடற்கரைச் சாலையில் வெகுதூரம் வரவேண்டியிருந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அறிந்தவர்கள். கைவினையால் பிழைத்துக்கொண்டு ஓவியம் செய்யலாம் என்ற பாடத்தைச் சோழமண்டலத்திடம் எடுத்துக்கொள்ளலாம். ஊரைவிட்டு விலகிப்போகத் தேவையில்லை என்பதை அதன் அனுபவத்திலிருந்தே எதிர்மறையாகக் கற்கலாம்.

ஏன் மாதம், ஏன் வாரமோ ஆண்டோ இல்லை என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தின் வாழ்க்கை முறையிலேயே விடை இருக்கிறது. உழவூரின் நாட்காட்டி அறுவடையும் திருவிழாவும். அங்கே ஆண்டுவிழா பொருந்தும். ஆம்பூர், வாணியம்பாடிப் பட்டையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நாட்காட்டி சம்பளம். 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவானவர் வேலை செய்யும் இடங்களில் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள்ளும், மற்றவற்றில் பத்தாம் தேதிக்குள்ளும் கூலி கொடுத்தாக வேண்டும் என்று வகுத்தது. கடைத்தெருவின் ஏற்ற இறக்கம், நகைச்சீட்டு, தவணைக் கடன், பிள்ளைகளுக்கு உடை, ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம் அந்தத் தேதியைச் சுற்றியே ஓடுகின்றன. ஆகவே நான் முன்வைக்கும் நாள் இரண்டாம் சனிக்கிழமை. அது மாதத்தின் எட்டாம் தேதிக்கும் பதினான்காம் தேதிக்கும் இடையில் விழும். பெரும்பாலும் கையில் கொஞ்சம் காசு இருக்கும், மறுநாள் ஞாயிறு. சியாட்டிலின் முதல் வியாழனை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை என்றால் ஓவியரால் புதிய படம் கொண்டுவர முடியாது. வேலைக்குப் போய்க்கொண்டே வரைகிறவருக்கு ஒரு படம் முடிக்க நான்கு ஞாயிறு வேண்டும்.

முதல் ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. ஷூ கம்பெனிச் சம்பளத்தில் படம் வாங்குவது யார்? பெரிய கான்வாஸை வாங்குகிறவர் மாதத்துக்கு ஒருவர்கூட இருக்கமாட்டார் என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அந்த வீடுகளில் காலண்டருக்கும் சாமி படத்துக்கும் மணமக்கள் புகைப்படத்தைச் சட்டமிடவும் செலவு செய்கிறார்கள். சுவரில் எதையாவது மாட்ட வேண்டும் என்ற ஆசை ஏற்கெனவே இருக்கிறது. கையளவு நீர்வண்ணப் படம், லினோ வெட்டி அச்சடித்த தாள், வெட்டி மிச்சமான தோல் துண்டில் தீட்டிய சிறு உருவம் ஆகியவை ஒரு வேளை பிரியாணி விலைக்குக் கிடைக்கலாம். அச்சுப்படம் என்றால் ஒரே வெட்டிலிருந்து ஐம்பது பிரதி எடுக்கலாம். ஓவியருக்கும் நட்டம் இல்லை. முதல் சில ஆண்டுகள் விற்பனையை அளவுகோலாக வைக்கவே கூடாது. பதிப்பாளர்கள் 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் கண்காட்சி இன்றைய அளவுக்கு வளரப் பல ஆண்டு ஆனது. வாங்கும் பழக்கம் பார்க்கும் பழக்கத்தின் பின்னால்தான் வரும்.

கூட்டம் வந்தாலும் தீனிக்காகத்தான் வரும், படத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு பஜ்ஜி தின்பார்கள் என்பது இன்னொரு ஆட்சேபம். அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் முதல் வெள்ளி இரவுகள் அப்படித் தெருத் திருவிழாவாக மாறி, கலைக்கூடக்காரர்களே சலித்துக்கொண்டது உண்மை. ஆனால் இரவெல்லாம் நடக்கும் கூத்தை எடுத்துக்கொள்வோம். குழந்தைகள் தூங்கும், கடலை விற்பார்கள், பெண்கள் ஊர்க்கதை பேசுவார்கள், அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது அத்தனை பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள். பாதி கவனத்தோடு பார்த்து, வேண்டிய இடத்தில் முழுக் கவனம் செலுத்துவது நம் பார்வையாளரின் பழைய திறமை. 1975இல் மதுரையில் தோன்றிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் பின்னாளில் ஊர் ஊராக நடத்திய கலை இலக்கிய இரவுகள் இந்தத் திறமையை நம்பித்தான் நடந்தன. பாட்டும் நாடகமும் பேச்சும் விடியவிடிய நடந்த அந்த மைதானங்களில், நவீனக் கவிதையைக்கூட உட்கார்ந்து கேட்டார்கள். அங்கே ஒலிபெருக்கி உள்ள கலைகளுக்கே மேடை அமைந்தது. ஓவியத்துக்கு ஒலிபெருக்கி இல்லை. எனவே அதற்கு நல்ல விளக்கும் கண்மட்டத்தில் ஒரு சுவரும் வேண்டும். தீனிக்கடையைப் படங்களின் வரிசை முடியும் இடத்தில் வைத்தால் போதும்.

தரம் என்னாகும் என்பதே படித்தவர்கள் எழுப்பும் கேள்வி. தேர்வுக்குழு இல்லாமல் யார் வேண்டுமானாலும் வைக்கலாம் என்றால் சினிமா நடிகரின் பென்சில் படங்களால் சுவர் நிரம்பிவிடாதா? நிரம்பும், முதல் ஆண்டு கட்டாயம் நிரம்பும். 1884இல் பாரிஸில் தேர்வுக்குழுவும் பரிசும் கிடையாது என்ற விதியோடு சுயேச்சைக் கலைஞர்கள் கண்காட்சி நடத்தியபோதும் அதிகாரபூர்வ உலகம் இதையே சொன்னது. ஆனால் அதிகாரபூர்வக் கண்காட்சி திருப்பி அனுப்பிய, ஓவியர் சூராவின் குளிக்கும் மனிதர்கள் படத்துக்கு இடம் கிடைத்தது அங்கேதான். சிறு நகரத்தில் தேர்வுக்குழு வைத்தால் அதில் உட்காரப்போவது யார் என்பது நமக்குத் தெரியும்: ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர், நன்கொடை கொடுத்த முதலாளி. அதைவிட நடிகர் படங்கள் பரவாயில்லை. ஒருவருக்கு ஒரு மாதத்தில் மூன்று படத்துக்கு மேல் இடமில்லை, போன மாதம் வைத்ததை மறுபடி வைக்கக் கூடாது என்ற இரண்டு விதிகள் போதும். நடிகர் முகத்தைத் தொடர்ந்து ஆறு மாதம் வரைந்து காட்டுகிறவர் ஏழாம் மாதம் தன் அம்மாவின் முகத்தை வரைவார். பார்த்துச் சலித்தவர்களே அவரை அங்கே தள்ளுவார்கள். இன்னொன்றும் இருக்கிறது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் தோல் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டது பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. சட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் அதைப் படிக்கிறார்கள். அந்தத் தீர்ப்புக்குள் வாழ்ந்த கிணறும் வயலும் தொழிலாளியின் கையும் படமாக வரும்போது, அவற்றை அறிந்த கண்கள் பார்த்துச் சரி தப்பு சொல்ல வேண்டும். அதைவிடக் கடுமையான தேர்வுக்குழு எந்த அகாதெமியிலும் கிடைக்காது.

எளிதில் தீராத ஆட்சேபம் தெருவைப் பற்றியது. ஊர் நடு என்று சொல்கிறோம். அந்த நடு எல்லோருக்கும் ஒரே அளவு நடுவாக இருந்ததில்லை. எந்தத் தெருவில் யார் நின்று பேசலாம் என்பதில் சாதிக்கு இன்றும் கை இருக்கிறது. சென்னையில் 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவுக்குக் கர்நாடக இசையையும் பரதத்தையும் கொண்டுசென்று விழா எடுத்தபோது, கலை எங்கே நடக்கிறது என்பதே யாருடையது என்பதைத் தீர்மானிக்கிறது என்ற விவாதம் வெளிப்படையாக எழுந்தது. அந்த விவாதம் இங்கும் வேண்டும். ஆகவே கோயில் மண்டபம், சமுதாயக் கூடம், கல்யாண மண்டபம் எதுவும் இதற்கு ஏற்ற இடம் ஆகாது. ஒவ்வொன்றின் வாசலிலும் யாரோ ஒருவர் தயங்கி நிற்பார். அரசுப் பள்ளியின் சுற்றுச்சுவரும் பேருந்து நிலையத்தின் ஓரமும் மட்டுமே எல்லோரும் தினமும் கால்வைக்கும் இடங்கள். பெண்களைப் பொறுத்தவரை நேரமே வாசல். ஷூ கம்பெனித் தொழிலாளரில் பெரும்பகுதி பெண்கள். அவர்கள் இறங்கி வீடு திரும்பும் மாலை வேளையில் நடக்காத எதுவும் அவர்களுக்கு நடக்காததே. அதனால் இரவு என்ற சொல்லைப் பிடித்துத் தொங்காமல் மாலை ஐந்துக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிக்க வேண்டும். படம் வைப்பவர்களிலும் பாதிப்பேர் பெண்களாக இருந்தால்தான் பார்க்க வரும் பெண்கள் நின்று பேசுவார்கள்.

முஸ்லிம் மக்கள் நிறைந்த வாணியம்பாடி, ஆம்பூருக்கு அருகில் உருவப்படங்களை வைத்து நடத்துவது சரிவருமா என்று தணிந்த குரலில் கேட்பவர்கள் உண்டு. அந்த ஊர்களின் முஷாயிரா என்னும் உருதுக் கவியரங்க மரபை அறிந்தவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள். ஒரு வரிக்கு வாஹ் வாஹ் சொல்லி மறுமுறை சொல்லக் கேட்கும் அந்தக் கூட்டத்தைப் போல் தேர்ந்த ரசிகரைக் காண்பது அரிது. எழுத்தையே ஓவியமாக்கிய கலையும் அவர்களுடையது. சென்னையில் 1927இல் தொடங்கிய 'தி முசல்மான்' உருது நாளிதழ் பல தலைமுறையாகக் காத்திபுகள் என்னும் எழுத்தோவியர்கள் கையால் எழுதி அச்சானது. பலகை எழுதிய தமிழ் ஆர்ட்டிஸ்டும் உருது எழுத்தோவியரும் ஒரே சுவரில் அடுத்தடுத்து வைத்தால், ஒரு கோட்டின் தடிப்பும் மெலிவும் எப்படி உயிர் பெறுகிறது என்பதை இரண்டு மொழிக்காரர்களும் பேசிக்கொள்வார்கள். இந்த வட்டாரத்துக்கு மட்டுமே வாய்த்த சேர்க்கை அது.

கலை வந்தால் வாடகை ஏறும், ஓவியரே வெளியேறுவார் என்று ஷாரன் ஸூகின் 1982இல் 'லாஃப்ட் லிவிங்' நூலில் நியூயார்க்கை வைத்து எழுதியது இங்கே உடனடி ஆபத்து இல்லை. நாட்றம்பள்ளியில் யாரும் ஓவியத்துக்காக வீடு வாங்கப் போவதில்லை. உடனடி ஆபத்து வேறு: மூன்றாம் மாதமே யாராவது இதைத் தன் விழாவாக்கி, பொன்னாடை போர்த்தி, ஃபிளெக்ஸ் கட்டி, ஒரு மணி நேரம் பேசிவிடுவது. அதைத் தடுக்கச் செலவைச் சிறிதாக வைப்பதே வழி. பெரிய நிதி தேவைப்படாத ஒன்றுக்குப் புரவலர் தேவைப்படமாட்டார். பேரூராட்சி மின்சாரமும் பள்ளி வாசலும் கொடுத்தால் போதும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அமைக்கச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே உறுப்பினராக இருக்க வேண்டும். இடத்தையும் நேரத்தையும் அந்தக் குழு வழியாக எழுத்தில் பெற்றுவிட்டால், சனிக்கிழமை மாலை எந்த அதிகாரியின் தயவிலும் நிற்க வேண்டியதில்லை. ஓவிய ஆசிரியர் ஒருவர் பதிவேடு வைத்து, யார் எந்த மாதம் எதை வைத்தார் என்று பெயரோடு எழுத வேண்டும். முதல் பன்னிரண்டு மாதம் மழை பெய்தாலும் தேர்தல் வந்தாலும் இரண்டாம் சனிக்கிழமையை மாற்றக் கூடாது. பத்துப் படமே வந்தாலும், அந்தப் பத்தையும் மாட்டி, விளக்கைப் போட்டு, எட்டரை மணிவரை வரைந்தவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.